தங்கையைப் பறித்த மலக்குடல் புற்று, அக்கா கட்டிய மருத்துவமனை: முத்துலட்சுமி ரெட்டி கதையும் ஆறு மாத செக்கப்பும்

முத்துலட்சுமி ரெட்டி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், தேவதாசி முறை ஒழிப்பு, அப்புறம் கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டத்தின் பெயர். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் என்பது சிலருக்குத் தெரியும். ஏன் தொடங்கினார் என்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது.

1923-ல் அவருடைய தங்கை இறந்துபோனார். காரணம் மலக்குடல் புற்றுநோய். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். அக்கா டாக்டர், அக்கா வீட்டுக்காரரும் டாக்டர். அந்த வீட்டிலேயே இப்படி நடந்தது.

இந்தக் கதையை நூறு வருஷம் கழித்து இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பாலிப் எனப்படும் சின்னச் சதை வளர்ச்சியில்தான் ஆரம்பிக்கின்றன. இன்று அந்தப் பாலிப்பை, அது புற்றாக மாறுவதற்கு முன்பே, வயிற்றைக் கிழிக்காமல் எடுத்துவிட முடியும். வேலூர் போன்ற ஊரில் இது வழக்கமான சிகிச்சை. பிரச்சினை அதற்குப் பிறகுதான் வருகிறது. பெரிய பாலிப்பாக இருந்தால், எடுத்த அதே இடத்தில் மறுபடியும் முளைக்கலாம். அதைத் தடுப்பது எப்படி என்பதில் கடந்த சில வருடங்களில் நல்ல முன்னேற்றம் வந்திருக்கிறது. அதில் டாக்டர் செய்ய வேண்டியது பாதி. மீதிப் பாதி நோயாளியிடம் இருக்கிறது: திரும்பி வருவது.

சரி, முதலில் முத்துலட்சுமி.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண்

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்து புதுக்கோட்டையில் இந்தக் குடும்பப் பின்னணி எவ்வளவு பேச்சுக்கு இடம் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெண் குழந்தை பள்ளிக்கூடம் போவதே அதிசயம். இவர் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றார்.

மகாராஜா கல்லூரி ஆண்களுக்கானது. ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் சமஸ்தான மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் டாக்டர் பட்டம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவர்தான். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். இரண்டு மகன்கள்: ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி. இரண்டாவது மகன் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் வருவார்.

இதே காலகட்டத்தில், வேலூர் பக்கம் இன்னொரு பெண் டாக்டர் வேலை செய்துகொண்டிருந்தார். நம்ம ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர். அமெரிக்க மிஷனரி குடும்பம். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் அவர் டாக்டராக முடிவெடுத்தார் என்பது சி.எம்.சி.யில் கால் வைத்த எல்லோருக்கும் தெரிந்த கதை. 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்து, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். தமிழ்நாட்டின் இரண்டு பெரிய மருத்துவமனைகளுக்குப் பின்னாலும் ஒரு பெண்ணும், தடுத்திருக்கக்கூடிய ஒரு மரணமும் இருக்கின்றன. ஐடாவின் கதை தெரிந்த அளவுக்கு முத்துலட்சுமியின் தங்கை கதை தெரியாமல் போனது ஏன் என்பது என் சந்தேகம். பிரசவத்தைப் பற்றிப் பேசலாம், மலக்குடலைப் பற்றிப் பேசக் கூச்சம் என்பதுதான் காரணமாக இருக்கும்.

1923: பேதி என்று நினைத்தது

ரத்தமும் சளியுமாக மலம் போகிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, போன பிறகும் முழுசாகப் போன திருப்தி இல்லை. இந்த அறிகுறிகளை அன்றைய சென்னையில் எந்த டாக்டரிடம் சொன்னாலும் முதலில் சீதபேதி என்றுதான் சொல்லியிருப்பார். அது ஊர் முழுக்க இருந்த நோய். அமீபா பேதிக்கு எமெட்டின் ஊசி புழக்கத்துக்கு வந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. இளம் பெண்ணுக்குப் புற்றுநோய் இருக்கும் என்ற நினைப்பு அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வராது.

ஆனால் மலக்குடல், குடலிலேயே எட்டிப் பார்க்க மிக எளிதான பகுதி. கையுறை போட்ட விரலாலேயே கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம். உள்ளே விட்டுப் பார்க்கும் நேரான உலோகக் குழாயும் அப்போதே வந்துவிட்டது. மலக்குடலை எடுத்துவிடும் அறுவை சிகிச்சையை லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-லேயே விவரித்திருந்தார். கருவி இல்லாமல் இல்லை. பெயர் தப்பாக வைத்துவிட்டால், கருவியை எடுக்கத் தோன்றாது. சரியான பெயர் தெரிந்தபோது தங்கையைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இன்று சீதபேதியின் இடத்தை மூலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மலத்தில் ரத்தம் என்றால் பைல்ஸ், இல்லைன்னா உடம்புச் சூடு. மெடிக்கலில் ஒரு ஆயின்ட்மென்ட், வீட்டில் மோர், வெந்தயம். ஷூ கம்பெனி லைனில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே தைக்கிறவர்கள், அது உட்கார்ந்து உட்கார்ந்து வந்த மூலம் என்று தாங்களே முடிவு பண்ணிவிடுவதும் நடக்கிறது. பல நேரம் அது உண்மையிலேயே மூலமாகத்தான் இருக்கும். பிரச்சினை, பார்க்காமலே முடிவு செய்வதில்.

லண்டனில் நடந்துகொண்டிருந்தது

தங்கை இறந்து இரண்டு வருடம் கழித்து, 1925-ல் முத்துலட்சுமி இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சிக்கான பயணம் அது. அங்கே இருந்தபோது, இப்போது ராயல் மார்ஸ்டன் என்று அழைக்கப்படும் புற்றுநோய் மருத்துவமனையிலும் பயிற்சி எடுத்தார். புற்றுநோய்க்கு மட்டும் தனியாக ஒரு மருத்துவமனை இருக்க முடியும் என்பதை நேரில் பார்த்தது அங்கேதான்.

அதே லண்டனில், அதே வருடங்களில், செயின்ட் மார்க்ஸ் என்ற சின்ன மருத்துவமனையில் ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. லாக்ஹார்ட்-மம்மரி என்ற சர்ஜனும், கத்பர்ட் டியூக்ஸ் என்ற நோய்க்கூறு மருத்துவரும் அறுவை சிகிச்சையில் எடுத்த குடல் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புற்று இருக்கும் குடலில் பக்கத்திலேயே சாதாரணப் பாலிப்பும் இருக்கிறது, சில பாலிப்பின் ஒரு ஓரம் மட்டும் புற்றாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தார்கள். 1928-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். புற்று திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை, அதற்கு முன்கட்டம் ஒன்று இருக்கிறது, அந்தக் கட்டத்தில் பிடித்தால் புற்றே வராது என்ற யோசனையின் வேர் இதுதான். ஒரு பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்போல ஆகும் என்பது பின்னால் தெரிந்தது. பத்து வருடம் என்பது பெரிய அவகாசம்.

ஒரு மருத்துவமனைக்கு முப்பது வருடம்

ஊர் திரும்பியதும் அரசியல் அழைத்தது. சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, 1927-ல் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறை, குழந்தைத் திருமணம் இரண்டையும் எதிர்த்துப் போராடினார். காந்தி கைதானபோது 1930-ல் பதவியை உதறினார். அவ்வை இல்லம் வந்தது. அவர் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. இந்தப் பகுதியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, எனவே இங்கே வேகமாகக் கடந்துவிடலாம்.

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் புற்றுநோய் மருத்துவமனை என்ற யோசனையை அவர் விடவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதைப் பொதுமேடையில் வைத்தார். ஆதரவு கிடைக்கவில்லை. அரசிடம் கேட்டார். புற்றுநோய் வந்தால் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஒரு ஆஸ்பத்திரி என்ற ரீதியில் ஒரு அமைச்சரே பதில் சொன்னதாக அடையாறில் இன்றும் சொல்வார்கள். கேட்க இப்போது கொடூரமாக இருக்கிறது. ஆனால் அன்றைய நிலையில் அது ஊரின் பொதுக் கருத்துதான். மலேரியா, காலரா, காசநோய் வரிசையில் நிற்கும்போது புற்றுநோய்க்குக் காசா?

1949-ல் இந்திய மாதர் சங்கம் மூலமாக ஒரு புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். வீடு வீடாக வசூல். இரண்டாவது மகன் கிருஷ்ணமூர்த்தி இதற்குள் டாக்டராகி, புற்றுநோய் சிகிச்சையில் வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்து வந்து அம்மாவோடு சேர்ந்துகொண்டார். 1952 அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அடுத்த வருடம் சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். 2021-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

தங்கை இறந்ததற்கும் மருத்துவமனை திறந்ததற்கும் இடையில் 31 வருடம். முத்துலட்சுமிக்கு அப்போது 67 வயது. 1956-ல் பத்ம பூஷண். 1968 ஜூலை 22 அன்று, 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார்.

ஒரே ஒரு வருடம் தள்ளி

1969-ல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் என்ற இரண்டு டாக்டர்கள், வளையக்கூடிய கொலோனோஸ்கோப் குழாய் வழியாக ஒரு சுருக்குக் கம்பியைப் பெருங்குடலுக்குள் அனுப்பி, பாலிப்பின் கழுத்தில் மாட்டி, மின்சாரம் பாய்ச்சி அறுத்து எடுத்தார்கள். வயிற்றைத் திறக்கவில்லை. முத்துலட்சுமி இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. டியூக்ஸ் 1928-ல் சொன்ன முன்கட்டத்தைக் கையால் எடுக்க வழி கிடைத்தது அப்போதுதான்.

இதனால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா? அமெரிக்காவில் நடந்த தேசிய பாலிப் ஆய்வு, பாலிப் எடுத்தவர்களை இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தது. பொது மக்களிடம் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அவர்களில் பெருங்குடல் புற்றால் இறந்தவர்கள் 53 சதவீதம் குறைவு என்று 2012-ல் முடிவு வந்தது. பாதிக்கும் மேல்.

ஆனால் பெரிய பாலிப் வேறு கதை. ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் சின்னப் பாலிப்பைச் சுருக்குக் கம்பியால் ஒரே மாட்டில் எடுத்துவிடலாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், அதுவும் கம்பளம் விரித்த மாதிரி தட்டையாகப் பரவியிருந்தால் அப்படி முடியாது. முதலில் அடியில் ஊசி மூலம் நீல நிறம் கலந்த திரவத்தைச் செலுத்தி, பாலிப்பை ஒரு கொப்புளம் போல மேலே தூக்குவார்கள். குடல் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான், ஓட்டை விழாமல் இருக்க இந்த மெத்தை தேவை. பிறகு துண்டு துண்டாக அறுத்து எடுப்பார்கள். இதற்கு இ.எம்.ஆர். என்று பெயர். ரிப்போர்ட்டில் இந்த மூன்று எழுத்து இருந்தால், நீங்கள் மேற்கொண்டு கவனமாகப் படிக்க வேண்டிய ஆள்.

துண்டு துண்டாக எடுப்பதில்தான் சிக்கல். டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோலில் ஒட்டியிருக்கும் சதையை நீக்கும் ஃபிளெஷிங் வேலையில் நடுப்பகுதி சுத்தமாக வந்துவிடும், ஓரத்தில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருப்பது தப்பிவிடும். அந்த இடத்தில் அப்புறம் மருந்து சரியாக இறங்காது. குடலிலும் அப்படித்தான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் காயத்தின் விளிம்பில் சில செல்கள் மிஞ்சியிருக்கும். அவை மெதுவாக மறுபடியும் வளரும்.

எத்தனை பேருக்கு? ஆஸ்திரேலியாவில் இப்படிப் பெரிய பாலிப் எடுத்தவர்களைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நான்கைந்து மாதத்தில் நடந்த முதல் மறுசோதனையில் 16 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் மிச்சம் இருந்தது. ஆறு பேரில் ஒருவர். நல்ல செய்தியும் அதிலேயே இருக்கிறது: அப்படித் திரும்பி வந்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் எண்டோஸ்கோபியிலேயே மறுபடியும் எடுத்துவிட முடிந்தது. மிச்சம் சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டார்கள், அதனால்தான்.

விளிம்பைச் சுடும் வித்தை

தடுப்பதற்கு டாக்டர் பக்கம் என்ன செய்யலாம்? 2019-ல் வந்த பதில் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. பாலிப்பை எடுத்து முடித்ததும், அதே சுருக்குக் கம்பியின் நுனியை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டி, காயத்தின் விளிம்பு முழுக்க மெல்லிய மின்சூட்டால் வெளுக்கும் வரை சுடுவது. புதுக் கருவி வேண்டாம், பெரிய கூடுதல் செலவும் இல்லை. சிட்னியை மையமாகக் கொண்ட குழு 390 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. விளிம்பைச் சுடாதவர்களில் 21 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. சுட்டவர்களில் 5.2 சதவீதம். நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மருத்துவத்தில் இவ்வளவு மலிவான ஒரு மாற்றம் இவ்வளவு வித்தியாசம் காட்டுவது அபூர்வம்.

இன்னொரு வழி, பாலிப்பைத் துண்டு போடாமல் சுற்றிலும் கீறி, அடியிலிருந்து உரித்து ஒரே பாளமாக எடுப்பது. இ.எஸ்.டி. என்ற இந்த முறை ஜப்பானில் வளர்ந்தது. திரும்ப வருவது மிகவும் குறைவு. ஆனால் நேரம் அதிகம், குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் அதிகம், கை தேர்ந்தவர்களும் குறைவு. பாலிப்புக்குள் ஏற்கெனவே புற்று தொடங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இது பொருத்தமாக இருக்கலாம். எல்லோருக்கும் இது வேண்டியதில்லை.

பாலிப் நான்கு சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தது, எடுக்கும்போதே ரத்தம் கசிந்தது, பயாப்சியில் செல்கள் தீவிரமாக மாறியிருந்தது தெரிந்தது: இந்த மூன்றில் எதாவது இருந்தால் திரும்ப வர வாய்ப்பு கூடுதல். உங்கள் ரிப்போர்ட்டில் இவை எழுதியிருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

ஆறு மாதம் ஏன்?

துண்டு துண்டாகப் பெரிய பாலிப் எடுத்தவர்களுக்கு அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு இது: ஆறு மாதத்தில் முதல் கொலோனோஸ்கோபி, அது சுத்தமாக இருந்தால் அதிலிருந்து ஒரு வருடத்தில் அடுத்தது, அதுவும் சுத்தம் என்றால் மூன்று வருடம் கழித்து. ஐரோப்பாவிலும் முதல் சோதனை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான். முதல் செக்கப் சுத்தம் என்றால் போதாதா என்று கேட்கலாம். மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வில் முதல் சோதனையில் ஒன்றும் இல்லாதவர்களிலும் 4 சதவீதம் பேருக்கு அடுத்த சோதனையில் மிச்சம் தெரிந்தது. அதனால்தான் இரண்டாவது.

நடைமுறையில் இந்த ஆறாவது மாதத்தில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். வலி இல்லை, ரத்தம் இல்லை, வேலைக்குப் போயாச்சு. ஆம்பூரிலிருந்து வேலூர் 50 கிலோமீட்டர் சுமார். தூரம் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் கொலோனோஸ்கோபி என்றால் முந்தின நாளே பேதி மருந்து, மறுநாள் மயக்க ஊசி, கூட ஒரு ஆள், ஆக இரண்டு நாள் சம்பளம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு அது லேசான கணக்கு இல்லை. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் மாதமாக இருந்தால் சூப்பர்வைசரிடம் லீவு கேட்கவே வாய் வராது. காட்பாடியில் ரயில் இறங்கி மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருபவர்களுக்கு இது இன்னும் பல மடங்கு. அவர்களிடம் திரும்பி வாங்க என்று சொல்வது சுலபம்.

எனவே இரண்டு விஷயம். ஒன்று, ஆறாவது மாத செக்கப்பை எடுத்த இடத்திலேயேதான் செய்ய வேண்டும் என்பதில்லை. முறையான எண்டோஸ்கோபி வசதியும், பெரிய பாலிப்பைப் பார்த்துப் பழகிய டாக்டரும் இருக்கும் எங்கேயும் செய்யலாம். ஆனால் முதல் ரிப்போர்ட், படங்கள், பயாப்சி முடிவு மூன்றும் கையில் இருக்க வேண்டும். குடலின் எந்தப் பகுதி, எவ்வளவு பெரிசு, துண்டு துண்டாகவா முழுசாகவா, விளிம்பு சுடப்பட்டதா, பக்கத்தில் கறுப்பு மையால் பச்சை குத்திய மாதிரி அடையாளம் வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். தழும்பு வெளிறிப்போய் இருக்கும், அடையாளம் இல்லாமல் ஒன்றரை மீட்டர் குடலில் அதைத் தேடுவது லேசு இல்லை. போட்டோ எடுத்து மொபைலில் வைத்தாலே போதும். இரண்டு, இ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ இருந்தால், முதல் சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் அன்றே மறுசோதனைக்கு அது செல்லுமா, பரிந்துரைக் கடிதம் எங்கே வாங்க வேண்டும் என்று கவுன்டரில் கேட்டுவிடுவது நல்லது. ஆறாவது மாதத்தில் கேட்டால் அதற்கே ஒரு நாள் போய்விடும்.

அப்புறம் குடலைச் சுத்தம் செய்வது. மருந்தைப் பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டினால், சோதனை செய்தும் பயன் இல்லை. மூன்று மில்லிமீட்டர் மிச்சம் ஒரு துளி மலத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே விதை, தோல், கீரை வேண்டாம் என்பார்கள். ஆம்பூர் பிரியாணியை விடுங்கள், கூட வரும் கத்திரிக்காயின் விதைகூடக் கேமராவை மறைக்கும்.

சாப்பாட்டை மாற்றினால் போதுமா?

இந்தக் கேள்வி எப்பவும் வரும். நார்ச்சத்து சாப்பிட்டால் பாலிப் திரும்ப வராதா? 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பாலிப் எடுத்த 2,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினருக்குக் கொழுப்பைக் குறைத்து, காய்கறி, பழம், நார்ச்சத்தைக் கூட்டிக் கொடுத்து நான்கு வருடம் பார்த்தது. புதுப் பாலிப் வருவதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்காகக் காய்கறியை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம் இல்லை, உடம்புக்கு அது வேறு பல வகையில் நல்லது. ஆனால் கம்பங்கூழ் குடிக்கிறேன், அதனால் செக்கப் தேவையில்லை என்பது எடுபடாது. புகை, மது, அதிக எடை மூன்றும் குடல் பாலிப்பின் நண்பர்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஆஸ்பிரின் பாலிப்பைத் தடுக்கும் என்று படித்துவிட்டுத் தானாக மாத்திரை போட ஆரம்பிக்காதீர்கள். குடலில் ரத்தக் கசிவு வரும். ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. பெரிய பாலிப் எடுத்த பிறகு இரண்டு வாரம் வரைகூட ரத்தம் வரலாம். கட்டி கட்டியாக ரத்தம், தலைசுற்றல், கடும் வயிற்றுவலி, காய்ச்சல் என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தோல் தொழில் காரணமா என்றும் நம்ம பக்கத்தில் கேட்பார்கள். பாலாறு மாசு விவகாரம் 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஊர் இது, கேட்பதில் தப்பில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, தோல் தூசு மூக்குப் பகுதியில் புற்று வரக் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறது. குரோமியத்தின் ஆறு இணைதிற வடிவம் நுரையீரல் புற்றுக்குக் காரணம். பதனிடப் பயன்படுத்துவது மூன்று இணைதிற வடிவம். பெருங்குடல் பாலிப்போடு டேனரி வேலைக்கு நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. கம்பெனியை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் செக்கப் தேதி அதேதான்.

கூடப் பிறந்தவர்கள்

கடைசியாக, ரிப்போர்ட்டில் யாரும் கவனிக்காத ஒரு பகுதி: குடும்பம். அறுபது வயதுக்குள் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றோ, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிய பாலிப்போ வந்தால், அவருடைய அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகளும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்கின்றன வழிகாட்டுதல்கள். 40 வயதில், அல்லது நோய் வந்தவரின் வயதிலிருந்து பத்தைக் கழித்த வயதில், எது முன்னால் வருகிறதோ அப்போது. அவர்களுக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும்.

தங்கை இறந்தபோது முத்துலட்சுமிக்கு 36 வயது. இன்றைய விதிப்படி பார்த்தால் அவர் பெயரும் அந்தப் பட்டியலில் வந்திருக்கும்.